கூடி மிதித்தால் கோடி நன்மை

உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. அரசாங்க கிளினிக்கில் மருத்துவர் சொல்கிறார். வீட்டில் பிள்ளைகள் சொல்கிறார்கள். இடுப்பில் பொருந்தாமல் போன கால்சட்டையும் சொல்கிறது. இருந்தும், புத்தாண்டுத் தீர்மானத்தோடு வாங்கிய ஓட்டக் காலணி சீனப் புத்தாண்டுக்குள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஆசையாக வாங்கி வரவேற்பறையில் வைத்த உடற்பயிற்சி சைக்கிள், சில மாதங்களில் துணி காயப்போடும் இடமாக மாறிவிடுகிறது.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதிகாலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, நெடுஞ்சாலை நெரிசலில் வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் ஒருவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்ல முடியும்? உழைக்கத் தயங்காதவர்களும் உடற்பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள். பலருக்கு உண்மையான தடை தனிமைதான். தனியாகத் தொடங்கிய பயிற்சியைத் தனியாகவே நிறுத்திவிடலாம். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

இந்தக் குறைக்குத் தீர்வாக அமைந்ததுதான் குழுவாகச் செய்யும் உள்ளரங்க சைக்கிள் பயிற்சி. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஜொகூர் பாரு, பினாங்கு போன்ற நகரங்களின் உடற்பயிற்சி நிலையங்களில் இதனை ‘ஸ்பின்னிங் வகுப்பு’ என்று அழைக்கிறார்கள். இது இளைஞர்களுக்கான கூத்து, நமக்கு ஒத்துவராது என்று பெரியவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் 40, 50 வயதைத் தாண்டியவர்களுக்கே இதனால் அதிகப் பயன் உண்டு. ஆனால் அதனை அறிந்து செய்ய வேண்டும்.

நம் சமுதாயத்திற்கு ஏன் அவசரம்?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. 10 பேரில் 3 பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருக்கிறார்கள்.

இந்தியர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது, நீரிழிவு அதிகமாக இருந்தது இந்தியர்களிடம்தான். வயது வந்தவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு அந்நோய் இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்து உண்ணும் ஒரு விருந்து மேசையை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் பொருள் புரியும். சிறுநீரகச் சுத்திகரிப்பு, கால் விரல் அகற்றல், மங்கும் பார்வை ஆகியவை எல்லாம் அந்த மேசையிலிருந்து தொடங்கும் பயணங்கள்.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் பரிந்துரைத்தது. 45 நிமிட சைக்கிள் வகுப்பு வாரத்திற்கு இரண்டு, அரை மணி நேர வேக நடை இரண்டு என்று வைத்துக்கொண்டால் 150 நிமிடம் நிறைவாகிவிடும். கணக்கு இவ்வளவு எளிது. அதை 52 வாரமும் விடாமல் செய்வதுதான் கடினம்.

நான்கு சுவருக்குள் ஒரு சாலை

தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜானி கோல்ட்பெர்க் என்ற சைக்கிளோட்டக்காரர், 1980களின் பிற்பகுதியில் இந்தப் பயிற்சிக்கு வித்திட்டார். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடக்கும் நெடுந்தூரப் பந்தயத்திற்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார். சாலையில் பயிற்சி செய்வதன் ஆபத்தைத் தவிர்க்க, உண்மையான சைக்கிளைப் போலவே உணரக்கூடிய நிலையான சைக்கிள் ஒன்றைத் தாமே உருவாக்கினார். பிறகு நண்பர்களைச் சேர்த்து, இசையோடு வகுப்பு நடத்தினார். 1990களில் அது ‘ஸ்பின்னிங்’ என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் பரவியது. நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆர்.பி.எம். வகுப்பும் இதே வகையைச் சேர்ந்ததே.

வீட்டில் பயன்படுத்தும் சாதாரண உடற்பயிற்சி சைக்கிளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இதன் முன்புறத்தில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். பல சைக்கிள்களில் அதன் எடை 15 கிலோவுக்கும் மேல். பெடலை மிதித்தால் அந்தச் சக்கரம் சுழலும். பெரும்பாலான வகைகளில் காலை நிறுத்தினாலும் சக்கரத்தின் வேகத்தில் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓடும்போது திடீரென்று காலை எடுத்துவிடக் கூடாது. கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். வலப்பக்கம் திருகினால் மேட்டில் ஏறுவதைப் போல் கனக்கும். இடப்பக்கம் திருகினால் சமதரையைப் போல் இலகுவாகும். பல வகைகளில் அதே திருகை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும்.

இந்தத் திருகை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியின் நன்மையும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன.

மலேசியச் சூழலுக்கு இது பொருந்தும் காரணம் தெளிவு. மாலையில் மழை பெய்தாலும் வகுப்பு நிற்காது. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூட நேர்ந்ததைப் போன்ற நாட்களிலும் பயிற்சி தொடரலாம். லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வரும் பெண்களும் அச்சமின்றிச் செய்யலாம்.

கூட்டம் செய்யும் வேலை

சேர்ந்து செய்தால் உற்சாகம் கூடும் என்பது ஊர் கூடித் தேர் இழுத்தவர்களுக்குத் தெரிந்த உண்மை. அதனை அறிவியல் முதன்முதலில் ஆராய்ந்ததும் சைக்கிளை வைத்துத்தான். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் சைக்கிள் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து, தனியாக ஓட்டுபவரைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டுபவரே வேகமாகச் செல்கிறார் என்று 1898ஆம் ஆண்டு எழுதினார். சமூக உளவியலின் தொடக்க ஆய்வுகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் நெருக்கமானது. இளம் பெண்களை நிலையான சைக்கிளில் அமர்த்தி, முடிந்தவரை ஓட்டச் சொன்னார்கள். சிலர் தனியாக ஓட்டினார்கள். மற்றவர்களுக்குத் திரையில் ஒரு துணை காட்டப்பட்டது. அந்தத் துணை தம்மைவிடச் சற்றுத் திறமையானவர் என்றும் சொல்லப்பட்டது. துணையோடு ஓட்டியவர்கள், தனியாக ஓட்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தாக்குப்பிடித்தார்கள். திரையில் தெரிந்த துணைக்கே இவ்வளவு பலம் என்றால், பக்கத்து சைக்கிளில் வியர்வை சொட்ட மிதிக்கும் தோழிக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

இந்தப் பயிற்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. குழுவாக ஓடினால் மெதுவாக ஓடுபவர் பின்தங்கிவிடுவார். குழுவாக நடந்தாலும் முழங்கால் வலி உள்ளவர் தனித்துவிடுவார். இங்கே யாருடைய சைக்கிளும் நகர்வதில்லை. 25 வயதுக்காரரும் 58 வயதுக்காரரும் ஒரே பாட்டுக்கு, ஒரே அறையில், அவரவர் பலத்துக்கு ஏற்ப மிதிக்கலாம். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

சைக்கிள் மிதிப்பதில் உடலின் மிகப் பெரிய தசைகளான தொடை, பிட்டத் தசைகள் வேலை செய்கின்றன. இயங்கும் தசை, இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் உடலுழைப்பில்லாமல் இருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் மிதித்துவிட்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பலன் கிடைக்காது. வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில் நடைப்பயிற்சி அவசியம்.

இதயமும் பலம் பெறுகிறது. வாரக்கணக்கில் பயிற்சி செய்யும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஓய்வில் இருக்கும்போது நாடித் துடிப்பு குறைகிறது. இரத்த அழுத்தமும் சற்று இறங்குகிறது. ஓட்டத்தைப் போல் ஒவ்வோர் அடியும் தரையில் மோதாததால் முழங்காலுக்கும் அதிர்ச்சி இல்லை.

எடை குறையுமா என்பதுதான் பலரின் முதல் கேள்வி. உடல் எடையையும் முயற்சியையும் பொறுத்து, 45 நிமிட வகுப்பில் சுமார் 300 முதல் 500 கலோரி வரை செலவாகலாம். ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. வகுப்பு முடிந்து மாமாக் கடையில் இரண்டு ரொட்டியும் ஒரு தே தாரேயும் சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். எடை குறைய உணவிலும் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் தராசு முள் நகராவிட்டாலும் இதயத்திற்கும் சர்க்கரைக்கும் கிடைக்கும் நன்மை வீண்போகாது.

மனத்திற்கு மருந்து

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்றில், படகு வலிக்கும் வீரர்களைத் தனியாகவும் குழுவாகவும் பயிற்சி செய்ய வைத்தார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் குழுவாகச் செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் அளவு கூடுதலாக இருந்தது. வலியைத் தணித்து மனத்தை இலகுவாக்கும் எண்டோர்ஃபின் என்ற இயற்கைச் சுரப்பு, ஒன்றாக ஒரே தாளத்தில் இயங்கும்போது அதிகம் சுரப்பதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

2024ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. மனச்சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு நல்ல பங்கு உண்டு என்று அது காட்டியது. அதற்காக, மனநல மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு சைக்கிள் ஏறலாம் என்று பொருள் அல்ல. மருந்தோடு இதுவும் துணை நிற்கும்.

ஆய்வுகள் அளக்காத ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் இருக்கும் ஒரு தாய்க்கு, ஒரு வகுப்பைத் தவறவிட்ட மறுநாள் கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது: “அக்கா, நேற்று காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?” அடுத்த வகுப்புக்கு அவரை அழைத்து வருவது அந்த ஒரு வரிதான். எந்த இயந்திரமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதல் நாள்தான் ஆபத்து

கூட்டத்தின் பலத்திற்கு மறுபக்கமும் உண்டு. தாக்குப்பிடிக்க வைக்கும் அதே உற்சாகம், முதல் நாள் வந்தவரை எல்லை மீறவும் வைக்கும். விளக்கு மங்கியிருக்கும். பாட்டு அதிரும். பயிற்றுநர் “இன்னும் கொஞ்சம் திருகுங்கள்” என்பார். பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று மிதிப்பார். விட்டுக்கொடுக்க மனம் வராது.

பழக்கமில்லாத தசைகளை அளவுக்கு மீறி வருத்தினால், தசை நார்கள் உடைந்து அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்துவிடும். அது சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பது இதன் பெயர். முதல் ஸ்பின்னிங் வகுப்புக்குப் போய் இந்த நிலைக்கு ஆளானவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். இது அரிதாக நிகழ்வதுதான். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வந்தவர் சிறுநீரகத்திற்கே ஊறு தேடிக்கொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

வகுப்பு முடிந்த ஓரிரு நாளில் தொடை கடுமையாக வலித்து வீங்கினால், கால் பலமிழந்தால், சிறுநீர் தே ஓ நிறத்தில் கறுத்துப் போனால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதனைத் தவிர்ப்பது கடினம் அல்ல. முதல் வகுப்பில் 15, 20 நிமிடம் போதும். பிறகு திருகைத் தளர்த்தி மெதுவாக மிதித்துக்கொண்டிருக்கலாம், அல்லது இறங்கிவிடலாம். இரண்டு, மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி முழு வகுப்புக்கு வரலாம். பேச்சுதான் நல்ல அளவுகோல். மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது மிதமான உழைப்பு. இரண்டு, மூன்று சொல்லோடு மூச்சு முட்டினால் அது கடும் உழைப்பு. புதியவர்கள் முதல் வாரங்களில் வாக்கியம் பேசும் எல்லையிலேயே இருக்க வேண்டும்.

இருக்கை சரியாக இருந்தால்

முழங்கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று விட்டுவிடுபவர்கள் பலருக்குக் காரணம் இருக்கையின் உயரம்தான். சைக்கிளின் பக்கத்தில் நின்றால் இருக்கை இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். முழுவதும் நீண்டுவிடவும் கூடாது, அதிகம் மடங்கவும் கூடாது. பெடல்கள் இரண்டும் சமமாக இருக்கும்போது முன்காலின் முழங்கால் பெடலின் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். புதியவர்கள் கைப்பிடியை இருக்கையைவிடச் சற்று உயர்த்தி வைத்தால் முதுகு நோகாது.

10 நிமிடம் முன்னதாகப் போய், புதியவர் என்று பயிற்றுநரிடம் சொன்னால் அவரே சரிசெய்து கொடுப்பார். தொளதொளப்பான கால்சட்டையும் துப்பட்டாவும் வேண்டாம், பெடலில் சிக்கும். இறுக்கமான உடை அணியக் கூச்சப்படுபவர்கள் சாதாரண டி-சட்டையும் காலோடு ஒட்டிய நீளக் கால்சட்டையும் அணியலாம். அடிப்பாகம் கெட்டியான காலணி, ஒரு துவாலை, ஒரு போத்தல் தண்ணீர் ஆகியவை போதும். முதல் சில வகுப்புகளில் உட்காரும் இடம் வலிப்பது இயல்பு. இரண்டு வாரத்தில் அது பழகிவிடும்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதய நோய் உள்ளவர்கள், நடந்தாலே நெஞ்சு இறுகுபவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் அப்படியே. கடும் முயற்சி விழிக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு சைக்கிள் பொருத்தமான பயிற்சிதான், ஆனால் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம். வகுப்புக்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டோ உண்ட பிறகே தொடங்க வேண்டும். பையில் எப்போதும் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. இரத்த அழுத்தத்திற்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்பவர்களுக்கு நாடித் துடிப்பு அதிகம் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பாமல், பேச்சு அளவுகோலையே நம்ப வேண்டும்.

இன்னொன்று. சைக்கிள் மிதிப்பதில் உடல் எடையை எலும்புகள் தாங்குவதில்லை. ஆகவே எலும்பு வலுவுக்கு நடையும், வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். வயதான பெண்கள் இதனை மறக்கக் கூடாது.

நிலையம் இல்லாத ஊரில்?

எல்லா ஊரிலும் ஸ்பின்னிங் வகுப்பு இருப்பதில்லை. கட்டணமும் எல்லாருக்கும் கட்டுப்படியாவதில்லை. வசதி இல்லாதவர்கள் இந்தப் பயிற்சியின் உயிர்நாடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தாமானில் நான்கு குடும்பங்கள் தங்கள் வீட்டில் தூங்கும் பழைய உடற்பயிற்சி சைக்கிள்களை ஒரே கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து போட்டால் ஒரு வகுப்பு தயார். செவ்வாய், வெள்ளி இரவு 8 மணி என்று நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் 5 நிமிடம் மெதுவாக, அடுத்த 20 நிமிடம் ஒரு பாட்டுக்குச் சமதரை, ஒரு பாட்டுக்கு மேடு என்று மாற்றி மாற்றி, கடைசி 5 நிமிடம் மீண்டும் மெதுவாக மிதித்தால் போதும். பழைய எம்.ஜி.ஆர். பாட்டாக இருந்தாலும், புதிய ஏ.ஆர். ரஹ்மான் பாட்டாக இருந்தாலும் கால்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வராதவரைத் தேடிப் போய்க் கூப்பிடுவது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டால், அந்தக் குழு நிலைக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பலனை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன. பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை ஏறி, எத்தனை முறை நின்று மூச்சு வாங்க நேர்ந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து, சேர்ந்து மிதித்தவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் மீண்டும் ஏறிப் பார்க்கட்டும். படிகள் குறைந்திருக்காது, நிற்கும் இடங்கள் குறைந்திருக்கும்.

சைக்கிள் வகுப்பில் கூட்டத்தின் உற்சாகத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். திருகை மட்டும் அவரவர் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடிப்பவருக்கு, வாங்கிய காலணி அலமாரிக்குள் போகாது.